கையில் ஒரு கல்

அன்புள்ள ஜெபமாலைக்கு,

இத்தனை வருஷம் ஆகியும் ஹாஸ்டலில் உனக்கு வைத்த பட்டப்பேர்தான் பேனாவில் வருகிறது. கடிதம் கிடைத்தது. பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு முட்டுவலி அப்படியேதான். அதை விடு.

உனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறேன். விளக்கணைத்த பிறகு நீ கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை மணி உருட்டுவாய். நான் எதிர்க்கட்டிலில் இருந்து மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துவிடுவேன்: "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." ஒரே ஜெபத்தை 53 தடவையா என்று கேலி வேறு. இப்போது எங்கள் வீட்டுக்கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும்போதுதான், அலப்புகிறது யார் என்று புரிகிறது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பதினான்கு பெண்கள் கூடுகிறோம். பாட்டு, வசனம், ஜெபக்குறிப்பு, அப்புறம் சங்கிலி ஜெபம். ஒரு அக்கா ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் ஏழு விசில் அடித்து அடங்கிவிடும். ஆண்டவருக்கு விலாசம் தெரியாதது போல ஆஸ்பத்திரி வார்டு நம்பர் வரை சொல்லுவார்; போகிற போக்கில் மருமகளுக்கும் ஒரு குத்து. மற்றவர்கள் அதைக் கேட்கிறோமா? தன் முறை வந்தால் என்ன சொல்லலாம் என்று உள்ளுக்குள் ஒத்திகை. நானும் அப்படித்தான்.

கடைசி வீட்டு அக்கா மகனைப் பறிகொடுத்தவர். அவர் முறை வரும்போது தொண்டை அசையும், சத்தம் வராது. நாங்களே "ஆமென்" சொல்லித் தாண்டிவிடுவோம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்கு வேதாகமத்து அன்னாள் ஞாபகம் வந்தாள். சீலோவில் ஜெபம்பண்ணும்போது அவள் உதடு மட்டும் அசைந்தது. குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான் ஆசாரியனாகிய ஏலி. மற்ற நாங்கள் எல்லாரும் ஏலியாகவே இருந்திருக்கிறோம், ஏட்டி.

முதலில், பத்து நிமிஷம் யாரும் பேசாமல் இருப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நிமிஷமே மூலையில் இருந்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" கிளம்பிவிட்டது. ஒருத்தி ஃபோனைப் பார்த்தாள். நானே இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கம்பளி நூல் உருண்டையை ஒருவருக்கொருவர் எறிந்து வலை பின்னினோம், ஒவ்வொரு இழையும் ஒருத்திக்காக என்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம். ஓய்வுநாள் பள்ளிக்கு நல்ல விளையாட்டு, அவ்வளவுதான்.

லெந்து பிறந்ததும் (உங்களுக்குத் தவக்காலம்) தாமிரபரணிக் கரையில் இருந்து ஒரு பை கூழாங்கல் பொறுக்கி வந்தேன். யோர்தானில் இருந்து பன்னிரண்டு கல் எடுத்த யோசுவாவை மனசில் வைத்துத்தான். நடுவில் அகலமான பித்தளைச் சட்டியில் தண்ணீர். ஆளுக்கொரு கல். யாரையாவது நினைத்துக்கொண்டு, கல் சூடாகும் வரை உள்ளங்கையில் வைத்திருங்கள். பிறகு தண்ணீரில் விடுங்கள். யாருக்காக என்று ஒருவரும் கேட்கக்கூடாது. இவ்வளவுதான் சொன்னேன்.

கடைசி வீட்டு அக்காவை நானே போய்க் கூட்டி வந்திருந்தேன். "நீங்க பேச வேண்டாம்க்கா, வந்து உட்காருங்க போதும்." ஆற்றுக்கல் கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும், சூடேற நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றாக டங்கு டங்கென்று விழுந்தது. வார்டு நம்பர் சொல்லுகிற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வீட்டு அக்கா மட்டும் கல்லை விடவில்லை. சேலை முந்தியில் முடிந்துகொண்டு எழுந்து போனார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். முடிச்சு அவிழ்க்கவில்லை.

எங்கள் சபைப் போதகர் ஐயர் விசாரித்தார், இதில் ஜெபம் எங்கே என்று. ரோமர் எட்டில் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்" என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். அவரும் மறுக்கவில்லை, ஆனால் கடைசியில் பரமண்டல ஜெபமாவது சொல்லுங்கள் என்றார். சொல்லுகிறோம். அது நியாயம்தான், எனக்கும் வார்த்தையே வேண்டாம் என்றில்லை.

ஜெர்மனியில் இருக்கிற என் மகள் போன கோடையில் பிரான்சில் தெசே என்கிற சின்ன கிராமத்துக்குப் போய் வந்தாள். ரோஜர் என்கிற போதகர் மகன் 1940இல் அங்கே வந்து தங்கி, பிற்பாடு ஒரு துறவியர் குழுவையே உருவாக்கினார். உங்கள் கத்தோலிக்க சபையார், எங்கள் புராட்டஸ்டண்ட் சபையார் இருவருமே அதில் சகோதரர்களாக இருக்கிறார்கள், நம் ஹாஸ்டல் அறை மாதிரி. ஒவ்வொரு ஜெபவேளையிலும் நீண்ட மௌனம் உண்டாம். வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் படுக்க வைப்பார்களாம். பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து போய், அந்த மரத்தில் நெற்றியை வைத்துவிட்டு எழுந்து வருவார்களாம். கேட்டதும் எனக்கு வேளாங்கண்ணி மணலில் நீ முழங்காலில் போன கதைதான் ஞாபகம் வந்தது. அதற்கும் அன்று சிரித்தேன், பாவி.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் அந்தச் சிலுவை ஜெபத்தைச் செய்யலாம் என்றிருக்கிறேன். தரையில் வைத்தால் எங்களில் பாதிப் பேரைத் தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் தாழ்வான பெஞ்சுமேல் வைக்க ஆசாரியிடம் நாலடியில் ஒரு வேப்பமரச் சிலுவை சொல்லியிருக்கிறேன். இழைத்த தூள்கூட ஒட்டாமல் வழவழப்பாக வேண்டும் என்றால், "நெத்தி வைக்கிற இடம்தானேம்மா, தெரியும்" என்கிறார்.

தூத்துக்குடியில் இருந்து ஒரு மணி நேரப் பஸ்தானே, நீயும் வா. அந்தப் பழைய மர ஜெபமாலை இன்னும் இருக்கிறதா? ஒரு மணி உடைந்து நூலால் கட்டியிருப்பாயே, அதுதான். இருந்தால் எடுத்து வா. விளக்கணைத்த பிறகு நீ உருட்டு. இந்தத் தடவை எதிர்க்கட்டிலில் வாய் திறக்கமாட்டேன்.

உன் அறைத்தோழி,
பாளையங்கோட்டை