தேதி மாறினால் ஃபார்மேட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் மறுக்கும். இதற்கு ‘வைரஸ்’ என்று சொல்லி விண்டோஸை ஃபார்மேட் செய்து காசு வாங்குவது சென்னைக் கடைகளில் இன்னமும் நடக்கிறது. குடும்பப் படங்கள் அழிந்துபோவதுதான் மிச்சம்.

பழுது, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியில். அது தீர்ந்தபின் கரன்ட் போனால் தேதியும் போய்விடும். தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. கணினி 2015இல் நின்றால் இன்றைய சான்றிதழ் செல்லாது. எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் இதே கதைதான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் வோல்டேஜை அளவிடும் கருவியான மல்டிமீட்டரில் பாருங்கள். 2.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றிவிடலாம். ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும். கூட்டல் குறியுள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும். பிறகு, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். அதில் ஹார்ட் டிஸ்க்கோடு கணினி பேசும் முறையான ‘சாட்டா மோட்’ மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம்; ஏஹெச்சிஐ, ரெய்டு போன்ற அதன் தேர்வுகளில் முன்பு இருந்ததை வைத்தால் போதும். கணினி நன்றாக ஓடும் காலத்திலேயே பயாஸின் அந்தப் பக்கத்தை மொபைலில் படமெடுத்து வைப்பது நல்லது.

ஃபார்மேட்டுக்குத் தலையாட்டும் முன் பேட்டரி வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள்.

— கணினிப் பழுதுநீக்குநர்,
சைதாப்பேட்டை, சென்னை