பார்த்து வரைந்தால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஓவியப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ஓவியர்களின் படத்தைப் பார்த்து வரைகிறவனுக்குச் சொந்தக் கை அமையாது, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் வெறும் பிளாஸ்டிக், அதில் முகத்துக்கு உயிர் வராது என்கிறார் கட்டுரையாளர். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் குன்னூரில் போர்டு எழுதிப் பிழைத்தவன். கடைப் பெயர், எஸ்டேட் வாசல் பலகை, தேர்தல் சுவர், தலைவர்கள் முகம் எல்லாம் எனாமலில் வரைந்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பத்தடிப் பலகையில் பெரிதாக்குவதுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பிளெக்ஸ் வந்தது, பிழைப்பு போனது. இப்போது அந்தப் பழக்கத்தை வைத்துப் பெரிய ஓவியர்களின் முகப்படங்களைப் படியெடுக்கிறேன். தெருப் பிள்ளைகள் சிலர் சாயங்காலத்தில் வந்து கூடவே உட்காருகிறார்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்களில் ஒரு பெண், "அப்ப நாம செய்யறது காப்பியடிக்கிறதா மாமா?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1628இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்குப் போனபோது ஓவியர் ரூபன்ஸுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். அங்கே அரசரிடம் இருந்த, முந்தைய தலைமுறை இத்தாலிய ஓவியர் டிஷியனின் படங்களைப் பார்த்ததும் மாணவன் மாதிரி உட்கார்ந்து படியெடுத்தார். டிஷியனின் 'ஆதாமும் ஏவாளும்', அதற்கு ரூபன்ஸ் எடுத்த படி, இரண்டுமே இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரூபன்ஸ் தன் படத்தில் ஒரு கிளியைச் சேர்த்தார், ஆதாம் உட்கார்ந்திருக்கும் தோரணையையும் மாற்றினார். சொந்தக் கை எங்கும் ஓடிப்போகவில்லையே! நம் ரவிவர்மாவும், 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வதை நின்று பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார் என்கிறார்கள்.

திருட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவே கோடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோட்டைப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகக்காரர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். 1793இல் திறந்த காலத்திலிருந்தே அங்கே படியெடுக்க விடுகிறார்கள். ஆனால் படி அசலின் அளவில் இருக்கக் கூடாது, ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. எங்கள் திண்ணையிலும் அதே சட்டம்தான். படத்தின் பின்பக்கம் முதலில் அசல் ஓவியர் பெயர், பிறகுதான் பிள்ளையின் பெயர்.

அக்ரிலிக் பிளாஸ்டிக்தான், மறுக்கவில்லை. ஆனால் குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு வாழ்கிற மலை வீட்டில், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன் வாடையோடு குழந்தைகளை உட்காரவைக்க நான் தயாரில்லை. அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், கன்னத்து நிழலை இழைத்துக் கரைக்க நேரம் தராது என்ற குறையும் உண்மைதான். அதற்காகத்தான் கிளேஸ் முறை. முதலில் முகம் முழுவதையும் சாம்பல் நிறத்திலேயே, வெளிச்சம் நிழல் எல்லாம் சரியாக முடித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு துளி வண்ணத்தை நிறைய கிளேசிங் மீடியத்தில் (நிறமில்லாத அக்ரிலிக் கலவை) கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும். மிட்டாய் சுற்றும் கலர்க் கண்ணாடித்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல நிறம் ஏறும். வெளிச்சம் உள்ளே போய் அடியிலுள்ள சாம்பல் படத்தில் பட்டுத் திரும்புவதால் தோலுக்குள்ளிருந்து வருகிற நிறமாகத் தெரியும். எண்ணெயில் ஒரு பூச்சு காய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் ஒரே மாலையில் பல பூச்சு போடலாம்.

எல்லா டியூபும் இதற்கு ஆகாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரின் புளூ என்ற அடர்நீலம் இரண்டிலும் அடியிலுள்ளது தெரியும். கேட்மியம் ரெட் அடியை மூடிவிடும். மலிவான பெட்டிகளில் இந்த விவரம் இருக்காது. தாளில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் மேலே பூசிப் பாருங்கள், கோடு தெளிவாகத் தெரிந்தால் கிளேஸுக்கு ஆகும்.

டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' எல்லோரும் கேட்கிற படம். 1665 வாக்கில் வரைந்தது, நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிறது. அவள் பின்னால் எல்லோரும் தார்க் கறுப்பை அப்புகிறார்கள். வெர்மீர் அப்படி விடவில்லை. கருமையின் மேல் அவுரி நீலமும் ஒரு செடியின் மஞ்சள் சாயமும் கலந்த பச்சைக் கிளேஸ் போட்டிருந்தார். காலப்போக்கில் அந்தச் சாயங்கள் மங்கிப்போயின. எனவே படியெடுப்பவர் இன்றைய படத்தை வரைவதா, வெர்மீர் முடித்த அன்று இருந்ததை வரைவதா? நான் பச்சையைப் போடச் சொல்கிறேன். அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் கன்னத்து ரோஜா நிறம் தூக்கிக் காட்டும். (சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கலாம்.)

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. கலர்ப் பெட்டிகளில் தோல் நிறம் என்று ஒரு பிங்க் டியூப் வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாருக்கு அந்தத் தோல்? அதனால்தான் நான் முதலில் கொடுப்பது ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேஹா படம். பரேஹா அவரிடம் அடிமையாக இருந்தவர், பிறகு தாமே ஓவியர் ஆனவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தப் படத்தை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. வெலாஸ்கெஸ் இப்படி அடுக்கடுக்காகப் பூசியவர் இல்லை, நேரடியாகத் தூரிகை ஓட்டியவர். இருந்தாலும் மாநிறம் கற்க அதைவிட நல்ல முகம் எனக்குத் தெரியாது. நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடம் சின்னதாக, லேசான சாம்பல் சாயலோடு நிற்கிறது. அதைச் சுற்றி பர்ன்ட் சியன்னா மெல்லிசாகப் பல தடவை. தாடைக்குக் கீழ் நிழலுக்குக் கறுப்பு டியூபைத் தொடவிடுவதில்லை. சியன்னாவோடு அல்ட்ராமரின் கலந்தாலே போதும், நிழல் செத்துப்போகாது. காப்பியடிக்கிறதா என்று கேட்ட அந்தப் பெண் இதை முடித்த கையோடு தன் பாட்டியை வரைய ஆரம்பித்திருக்கிறாள்.

மலையில் வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐப்பசி மழையில் கிளேஸ் காயவே காயாது, அது பரவாயில்லை, காத்திருக்கலாம். மார்கழி, தை மாத உறைபனிக் குளிர்தான் ஏமாற்றும். ஒன்பது டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் ஆவியாகிவிடும், ஆனால் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நாள்பட மாவாக உதிரும். அறையைச் சூடாக்கிவிட்டு உட்காருங்கள், அல்லது பகல் வெயிலில் வேலையை முடியுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிக்னல் எட்டாத வீட்டுப் பிள்ளைகள் உங்கள் இணைப்பில் வரும் படங்களை வெட்டித்தான் கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டுரையோடு வந்த முகப்படத்துக்கு ஓவியர் பெயர்கூட இல்லை. பெயர், ஆண்டு, அசல் அளவு, இருக்கும் இடம், இந்த நாலையும் கீழே ஒரு வரியில் போடுங்கள். தலைப்பு எழுத்தை முகத்தின் குறுக்கே ஓட்டாமல் விட்டால் இன்னும் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய போர்டு ஓவியர்,
குன்னூர்.