லெக்சிங்டனிலிருந்து முப்பது கிலோமீட்டர்

மதிப்பிற்குரிய எமிலி ஹெல்ம் அம்மாவுக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 அக்டோபர் 30ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனிலிருந்து உங்கள் அத்தானுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அத்தான் என்றால் ஆபிரகாம் லிங்கன். உங்கள் அக்கா மேரியின் கணவர். பருத்தி விற்க அனுமதி கேட்டு அவரிடம் போனீர்கள். வடக்கு அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் தருகிறேன் என்றார். எடுக்க முடியாது என்று வெறுங்கையோடு திரும்பினீர்கள். அப்போதுதான் உங்கள் அண்ணன் லீவையும் போய்ச் சேர்ந்திருந்தார், கையில் காசில்லாமல். உங்கள் துப்பாக்கிக் குண்டுகள்தான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன, அதனாலேயே உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கு எழுதினீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

உங்கள் துக்கத்தை அளந்து பார்க்க எனக்குத் தகுதி கிடையாது. இரண்டு மனைவியர் வழியாக உங்கள் அப்பாவுக்கு வளர்ந்து ஆளான பிள்ளைகள் 14 பேர். போர் வந்தபோது எட்டுப் பேர் பிரிந்துபோன தெற்குப் பக்கம், ஆறு பேர் வடக்குப் பக்கம் என்று கணக்குச் சொல்வார்கள். உங்கள் சகோதரர்களில் சாமுவேல் ஷைலோ போரில் போனார். அலெக்சாண்டர் பேட்டன் ரூஜ் போகும் வழியில், இருட்டில் சொந்தப் படையே சுட்டதில் போனார். போர் தொடங்கிய 1861 ஏப்ரலில் லிங்கன் உங்கள் கணவர் பென் ஹார்டின் ஹெல்மைக் கூப்பிட்டு, ராணுவத்தில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி வேலை தருகிறேன் என்றார். நல்ல பதவி, சண்டைக்குப் போக வேண்டியதும் இல்லை. அவர் மறுத்துவிட்டுத் தெற்குப் படைக்குப் போனார். 1863 செப்டம்பரில் சிக்கமாகா போர்க்களத்தில் குண்டுபட்டு இறந்தார். அவருக்கு வயது 32, உங்களுக்கு 26.

அந்த டிசம்பரில் சிறு மகளோடு வீடு திரும்பும் வழியில் நீங்கள் வெள்ளை மாளிகையில் தங்கிய அந்தச் சில நாட்களைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். வடக்கு நாட்டின் ஜனாதிபதி வீட்டில், வடக்கை எதிர்த்துச் செத்த தளபதியின் மனைவி கறுப்பு உடையோடு! கெட்டிஸ்பர்க் போரில் ஒரு காலை இழந்த வடக்குத் தளபதி சிக்கிள்ஸ் வந்து, அந்தக் கலகக்காரியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று மேசையைத் தட்டியதாகவும், என் வீட்டுக்கு யார் வருவது என்பதை நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்வோம் என்று லிங்கன் சொன்னதாகவும் உங்கள் மகள் பின்னாளில் எழுதி வைத்தார். உங்கள் கணவர் இறந்த செய்தி வந்த அன்று, பைபிளில் மகன் அப்சலோமை இழந்த தாவீது அரசனைப் போல இருக்கிறது எனக்கு என்று லிங்கன் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

எனக்கும் இந்தக் கதை ரொம்பப் பிடித்துத்தான் இருந்தது. கென்டக்கி என்றாலே இப்படித்தான் சொல்வார்கள்: அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். செனட்டர் ஜான் கிரிட்டென்டன் போரைத் தடுக்கச் சமரசத் திட்டம் கொண்டுவந்து தோற்றவர். அவருடைய ஒரு மகன் ஜார்ஜ் தெற்கில் தளபதி, இன்னொரு மகன் தாமஸ் வடக்கில் தளபதி. அவ்வளவு ஏன், இரண்டு ஜனாதிபதிகளுமே கென்டக்கி மண்ணில் பிறந்தவர்கள். தெற்கின் ஜெஃபர்சன் டேவிஸ் 1808இல், லிங்கன் 1809இல். இரண்டு நாடுகளின் கொடியிலும் கென்டக்கிக்கு ஒரு நட்சத்திரம் இருந்தது. பாரதக் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் பிரச்சினையே, அம்மா.

1860 மக்கள்தொகைக் கணக்கில் கென்டக்கியில் அடிமைகள் 2,25,483 பேர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். உங்கள் அப்பா வீட்டிலும் இருந்தார்கள். அண்ணன் தம்பி கதையில் இவர்கள் எந்தப் பக்கம்? யாரும் கேட்பதில்லை. 1861 மே மாதம் கென்டக்கி நடுநிலை என்று அறிவித்தது. கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் நடுநிலை என்றவர்களும் சரி, செப்டம்பரில் தெற்குப் படை கென்டக்கியின் கொலம்பஸ் ஊரில் வந்து இறங்கியதும் வடக்கோடு சேர்ந்தவர்களும் சரி, பெரும்பாலோர் அடிமை முறையைக் காப்பாற்ற எது நல்ல வழி என்பதில்தான் வேறுபட்டார்கள். பிரிந்து போனால் காப்பாற்றலாம் என்றது ஒரு கூட்டம். போனால் உள்ளதும் போய்விடும், ஒன்றியத்துக்குள், அதாவது வடக்கோடு, இருந்தால் சட்டமே காவல் என்றது இன்னொரு கூட்டம். இதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன பெரிய சண்டை?

லிங்கனுக்கு இது தெரியும். பக்கத்து மாநிலமான மிசௌரியில் தளபதி ஃப்ரீமான்ட், கலகக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று 1861 ஆகஸ்டில் அறிவித்தபோது லிங்கன் அதை மாற்றச் சொன்னார். கென்டக்கியை இழப்பது முழு ஆட்டத்தையும் இழப்பதற்குச் சமம் என்று அந்தச் செப்டம்பரில் நண்பர் பிரவுனிங்குக்கு எழுதினார். 1863இன் விடுதலைப் பிரகடனமும் கென்டக்கியைத் தொடவில்லை. ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை எழுதிய அதே அக்டோபர் மாதம், லெக்சிங்டனுக்குத் தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் இருந்த கேம்ப் நெல்சன் முகாமுக்கு ஜோசப் மில்லர் என்றொரு அடிமை வந்து வடக்குப் படையில் சேர்ந்தார். படையில் சேர்ந்தால் அந்த ஆளுக்கு விடுதலை. விசுவாசமான எஜமானுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் அடிமைகள்தான். நீ பட்டாளத்துக்குப் போனால் உன் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டேன் என்று எஜமான் சொல்லிவிட்டதால், மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வந்தார். இவரைப் போல ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்தார்கள். கென்டக்கியிலிருந்து படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் ஏறக்குறைய 24,000 பேர். லூசியானாவை விட்டால் வேறெந்த மாநிலமும் இத்தனை பேரைத் தரவில்லை.

முகாமின் தலைவர் ஸ்பீட் ஃப்ரை. வடக்குப் படையின் நீல உடுப்புப் போட்ட கென்டக்கிக்காரர். 1862 ஜனவரியில் மில் ஸ்பிரிங்ஸில், தெற்குக்குத் தலைமை தாங்கிய அந்த ஜார்ஜ் கிரிட்டென்டனின் படையை எதிர்த்து நின்று பேர் வாங்கியவர். முகாமில் சேர்ந்துவிட்ட பெண்களும் பிள்ளைகளும் அவருக்குத் தொந்தரவு. பலமுறை விரட்டினார், திரும்பி வந்தார்கள். நவம்பர் கடைசியில், உறைபனிக் குளிரில், சுமார் 400 பேரை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். குடிசைகளைப் பிரித்து எரிக்கச் செய்தார்.

நவம்பர் 23, புதன்கிழமை காலை எட்டு மணி வாக்கில் குதிரைக் காவலன் ஒருவன் மில்லரின் கூடாரத்துக்கு வந்தான். ஏழு வயது மகன் நோயில் கிடந்தான். நான் அமெரிக்காவின் சிப்பாய், என் குடும்பத்துக்குப் போக்கிடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். வண்டியில் ஏறாவிட்டால் ஒருத்தர் விடாமல் சுடுவேன் என்றான் காவலன். ஏறினார்கள். அன்றிரவு வேலை முடிந்து ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் போனார் மில்லர். கறுப்பினத்தாரின் பழைய ஜெபக்கூடம் ஒன்றில் குடும்பம் குளிரில் ஒண்டிக்கொண்டிருந்தது. பையன் வண்டியிலிருந்து இறக்கியதுமே இறந்திருந்தான். இரவே முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், பட்டாளத்தான் அல்லவா, ஆறு மைல் திரும்பி நடந்தார். மறுநாள் காலை மறுபடி நடந்துபோய், தானே குழி வெட்டிப் பையனைப் புதைத்தார்.

இதையெல்லாம் அவர் 26ஆம் தேதி சத்தியப் பிரமாணமாகச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

நீங்கள் மறுத்த பிரமாணமும், அவர் செய்த பிரமாணமும். அந்தக் குண்டு வரியை இவர் எழுதியிருந்தால் யார் பெயருக்கு எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் பையனைக் கொன்றது தெற்குக் குண்டும் இல்லை, வடக்குக் குண்டும் இல்லை. தெற்கின் சாம்பல் உடுப்பும் வடக்கின் நீல உடுப்பும் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் நின்ற அதே கென்டக்கிதான்.

வெளியேற்றப்பட்ட அந்த 400 பேரில் 102 பேர் இறந்தார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்து ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. 1865 மார்ச் 3ஆம் தேதி, கறுப்பின வீரர்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் கென்டக்கி சட்டமன்றம் அடிமை ஒழிப்புக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை நிராகரித்திருந்தது. அடிமை முறை அங்கே கடைசியாக ஒழிந்தது அந்த டிசம்பரில், மற்ற மாநிலங்களின் வாக்கால். கென்டக்கி ஒப்புக்குக் கையெழுத்துப் போட்டது 1976இல். அதை விடுங்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டில் உங்கள் மாமனாரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். நோய்ப் படுக்கையில் பதவியேற்று ஐந்தாம் நாள் இறந்தார், பாவம். தெற்கில் சண்டையிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பதவிக்கு வந்தார்கள். கென்டக்கி போர் முடிந்த பிறகுதான் பிரிந்துபோனது என்று அங்கே ஒரு கேலிப் பேச்சே உண்டு. சண்டையிட்ட அண்ணன் தம்பிகள் ராசியாகிவிட்டார்கள். ஆக எளிதாகவே ஆனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதற்காக ராசியானார்கள் என்பதைத்தான் அந்தக் கதை சொல்வதில்லை.

நீங்கள் 1930 வரை இருந்தீர்கள். எலிசபெத்டவுனில் தபால் அதிகாரியாக வேலை பார்த்தீர்கள். 1884இல் உங்கள் கணவரின் உடலை அட்லாண்டாவிலிருந்து கொண்டுவந்து குடும்ப இடுகாட்டில் சேர்த்தார்கள்.

ஜோசப் மில்லரின் மனைவி இசபெல்லாவும் மற்றப் பிள்ளைகளும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. 1865 ஜனவரி 6ஆம் தேதி மில்லரும் முகாமிலேயே இறந்தார்.

நாலு வார இடைவெளியில், முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் எழுதப்பட்ட அந்த இரண்டு தாள்களும் இன்று வாஷிங்டனில் இருக்கின்றன. உங்களுடையது காங்கிரஸ் நூலகத்தில், லிங்கனின் காகிதங்களோடு. மில்லருடையது தேசிய ஆவணக் காப்பகத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடிதத்தைத் தாமதமாகப் படித்த ஒருவன்