மைதானத்துக்கு வரும் தம்பி தங்கைகளையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் கார்னிவல் நடந்தது. அவள் இரண்டாம் வகுப்பு. உதவிக்கு வந்த பெற்றோரில் ஒருவனாக நான் வளையம் எறியும் ஸ்டாலில் நின்றேன். அன்று என் கண்ணெதிரே நடந்ததைப் பள்ளி நிர்வாகங்களும், இனி ஸ்டாலில் நிற்கப்போகும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மனைவிக்கு அன்று வேலை நாள். ஆகவே ஒன்றே முக்கால் வயது மகனையும் தூக்கிக்கொண்டு போனேன். எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் பருவம் அவனுக்கு. எங்கள் வீட்டில் அதற்கென்றே சில பழக்கங்கள் வந்துவிட்டன. மகள் பென்சில் சீவினால் சீவலை உடனே அள்ளிவிட வேண்டும். ரப்பர் மேசைக்கு மேலேதான் இருக்க வேண்டும். இரவு படுக்கும் முன் நானோ மனைவியோ மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி தலையைச் சாய்த்து, கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுவோம். அவன் பார்க்கிற உயரத்திலிருந்து பார்த்தால்தான் அவன் கைக்கு எட்டுவது எது என்று தெரிகிறது.

எங்கள் ஸ்டாலில் வென்றவர்களுக்குப் பரிசு மின்னும் மோதிரம். அழுத்தினால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வரிசை குறையவே இல்லை. மகன் மேசைக்கு அடியில் பாயில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வளையம் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். ஒரு சிறுமி பரிசை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மோதிரம் கை நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து பிளந்தது. அவள் அழத் தொடங்கினாள். வேறொன்றை எடுத்துக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

குனிந்து பார்த்தால் மகனின் வாய் இறுக மூடியிருந்தது. எதையாவது எடுத்துவிட்டு நம்மிடம் தர மனமில்லாதபோது வாயை மூடிக்கொள்வானே, அதே மூடல். விரலை விட்டுத் துழாவினேன். வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, வெள்ளி நிறத்தில் ஒரு பேட்டரி. எச்சிலில் வழுக்கி இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறைதான் விரலில் சிக்கியது. உடைந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே மூன்று பேட்டரிகளை அடுக்கும் இடம். ஒன்று அதிலேயே ஒட்டியிருந்தது. இன்னொன்று மேசைக்கால் அருகே கிடந்தது. மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விழுங்கிய நாணயம் போல இதுவும் தானாக வெளியே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கிவிட்டால் அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரம் (alkali) என்னும் வேதிப்பொருள் உண்டாகிறது. அந்தக் காரம் சதையை அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அது. அதைவிடச் சிறியவை மூக்கிலோ காதிலோ போனாலும் இதே அரிப்புதான். தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப்போடும் பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கலாம். விழுங்கிய குழந்தை எந்த அறிகுறியும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கலாம். வெறும் இருமல் போலவும் தோன்றலாம். ஆகவே சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். பட்டன் பேட்டரி உள்ள பொருட்களில் குழந்தையால் திறந்து பேட்டரியை எடுக்க முடியாதபடி மூடி இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல் கட்டாய விதியே இருக்கிறது. எங்கள் கையில் இருந்த மோதிரத்தில் ஒரு திருகாணிகூட இல்லை.

பரிசுப் பொருட்களைக் கடையில் வாங்கிவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. முந்தின இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தோரணம் வெட்டியவர்கள் அவர்கள். தவறு நடந்த இடம் வேறு என்று நினைக்கிறேன். பொருட்கள் மொத்தமாக அட்டைப்பெட்டியில் வருகின்றன. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உகந்ததல்ல என்ற வரி அந்தப் பெட்டியின் மேல் பொடி எழுத்தில் இருக்கிறது. பரிசுகளைக் கூடையில் கொட்டியதும் பெட்டி குப்பைக்குப் போய்விடுகிறது. ஸ்டாலில் நிற்கிறவருக்கு அந்த வரி கண்ணில் படுவதே இல்லை. அதோடு, பள்ளியின் கவனம் முழுக்கத் தன் மாணவர்கள் மேல் இருக்கிறது, அதுதான் இயல்பு. ஆனால் கார்னிவல் நாளில் மட்டும் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மாணவர்களின் பின்னாலேயே தவழுகிறதும் தத்தித் தத்தி நடக்கிறதுமாக எத்தனை தம்பி தங்கைகள் வருகிறார்கள்!

ஆகவே பேட்டரி உள்ள எதையும் பரிசாக வைக்காதீர்கள் என்று பள்ளிகளை மன்றாடிக் கேட்கிறேன். பலூனையும் யோசியுங்கள். 8 வயதுக்கு உட்பட்டோருக்கு அது மூச்சடைக்கும் ஆபத்து என்று பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. வெடித்த பலூனின் துண்டு தொண்டையை மூடி ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். வெடித்த துண்டுகளைப் பொறுக்குவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தினாலும் தகும்.

கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்கு இரண்டு மணி நேரப் பொறுப்பைத் தராமல், அரை அரை மணி நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. என் மகன் அன்று பகலில் கண்ணே மூடவில்லை. தூக்கம் கெட்ட குழந்தையையும் பரிசு கேட்கும் வரிசையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்ப்பது நடக்காத காரியம்.

நடந்ததைச் சொன்னதும் தலைமை ஆசிரியை மாலைக்குள் எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பினார். பல மோதிரங்கள் திரும்பி வந்தன. அவருக்கு என் நன்றி.

என் மகளும் ஒரு மோதிரம் வென்றிருந்தாள். அதைக் கேட்டபோது, "நான் ஜெயித்தது அப்பா" என்று அழுதாள். தம்பியின் வாயிலிருந்து எடுத்த பேட்டரியைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மோதிரத்தைக் கழற்றித் தந்தாள். அடுத்த ஆண்டு பரிசு வாங்கும் வேலைக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கு அவளே பென்சிலால் ஒரு பட்டியல் எழுதித் தந்திருக்கிறாள்: வண்ணப் பென்சில், கதைப்புத்தகம், துணிப்பந்து, கையில் குத்தும் பூ முத்திரை. முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறி போட்டு, "தம்பிக்கும்" என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தந்தை