மணியை முதலில் அடியுங்கள்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், கமிட்டி அங்கத்தினர் எல்லாருக்கும் தோத்திரம்.

போன மாதம் தெற்குத் தெருவில் நடந்த அடக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் வீடு, என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஊரில் வேறு பேச்சில்லை. கோவிலுக்குள் மட்டும்தான் பேச்சே இல்லை. கமிட்டி கூடியதாம், இந்த வருஷ அசன விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்பது வரை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதாம், இது மட்டும் ஏறவில்லையாம். அதனால் நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

அந்த வீட்டுக்காரர் உயிர் பிரிந்தது விடியற்காலை நாலரை மணிக்கு. நம் ஊரில் சாவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்புகிற வழக்கம் கிடையாது. கோவிலில் துக்க மணி ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு விழும். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டுக்கொண்டே தெருவுக்கு வருவோம். அன்றைக்கு மணி விழவில்லை. ஆறு மணிக்கும் இல்லை, ஏழரைக்கும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு இருக்கும். அந்த அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுகளுக்கு இன்னும் மணி அடிக்கலியே டீச்சர்?" என்றாள். மணி அடிக்கிற கோவில் குட்டியார் வந்துகொண்டிருப்பார் என்று சொன்னேன். பொய். அவர் அதற்கு வெகு நேரம் முன்பே வந்து, கயிற்றைத் தொட அனுமதி இல்லாமல் மணிக்கூண்டின் கீழே நின்றுகொண்டிருந்தார். அரை மணி கழித்து மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் வரும்போதெல்லாம் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். துஷ்டிக்கு வந்தவர்களில் இரண்டு பேர், கோவிலில் ஏதோ தகராறாம் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். புருஷனை இழந்த துக்கத்தில் மூடவில்லை, ஐயா. கடன்காரி என்று ஊர் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் மூடினாள். செத்தவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் அவளை வெட்கப்பட வைத்தோம்.

மகனுக்குப் பத்தொன்பது வயது. அவன் அப்போது கோவில் ஆபீசில் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தான். நோட்டு திறக்கப்பட்டது. சங்கம் என்கிற சபைச் சந்தா மாதம் 150 வீதம் 31 மாதப் பாக்கி 4,650. கோபுர நிதி ஒரு தவணை 2,000. போன வருஷத்து அசன வரி 500. குழிக்கு 1,200. ஆக மொத்தம் 8,350 ரூபாய். கூட்டினவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். கணக்கில் அப்போதும் கெட்டி. ரசீதை வாங்கி நானும் கூட்டிப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. பையன் சித்தப்பாவிடம் கொஞ்சம், பக்கத்து வீட்டில் கொஞ்சம், ஐஸ் பெட்டிக்காரருக்கு என்று எடுத்து வைத்திருந்ததில் கொஞ்சம் எனச் சேர்த்துக் கொண்டுபோய்க் கட்டினான். மணி அடித்தபோது ஒன்பதே கால். அந்த ரசீதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். அடக்க ஆராதனையில் பாட்டைத் தேடிப் புரட்டும்போது அதுதான் முதலில் கீழே விழுந்தது.

அந்த 31 மாதம் எங்கிருந்து வந்தது என்பது நோட்டில் இருக்காது. அவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதத்திலிருந்து எண்ணினால் சரியாக வரும். வாரத்துக்கு இரண்டு நாள் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்கு அங்கே காசு இல்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசுதானே? கூடப் போகிற நாளில் அவள் பீடி சுற்ற முடியாது, அன்றைக்குக் கூலியும் போச்சு. இந்த 31 மாதத்தில் சபையிலிருந்து எத்தனை பேர் அந்த வீட்டுப் படியேறினோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நான் போனது மூன்று தடவை. அதில் ஒன்று கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க, வாசலில் நின்றபடியே.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது எடுத்துக் காட்டும் முன்பு. பாக்கியைத் தீர்த்தால்தான் அடக்கம் என்ற தீர்மானம் போட்டபோது பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் கமிட்டியில் இருந்தேன். வெளியூரில் சம்பாதிக்கிறவர்கள் வருஷக்கணக்காகக் கட்டுவதே இல்லை, கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவும் சாவுக்கும் மட்டும் கோவிலைத் தேடி வருகிறார்கள், அங்கே பிடித்தால்தான் உண்டு என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நானும் கை தூக்கினேன். யாரைப் பிடிக்க வலை விரித்தோமோ அவர்கள் கூகுள் பேயில் ஒரு நிமிஷத்தில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வலையில் மாட்டியது பீடி சுற்றுகிறவள். இதைக் கேட்கும் யோக்கியதை எனக்குக் குறைவு என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

சங்கம் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. குருவானவருக்குச் சம்பளம் வேண்டும், திருமண்டலத்துக்குப் பங்கு அனுப்ப வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். எல்லாம் சரி. வாங்குங்கள். அடக்கம் முடிந்து மாதம் ஒன்று போகட்டும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேளுங்கள். முடிகிறவர்கள் தருவார்கள். முடியாதவர்களுக்கு ஏன் முடியவில்லை என்பதாவது உங்களுக்குத் தெரியவரும். ஆனால் சாவு வீட்டிலிருந்து ஒருவன் ஓடி வந்தால், நோட்டைத் திறக்காமல் மணியை அடியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு இயேசுவின் சரீரத்தைக் கேட்டுப் பிலாத்துவிடம் போன இடத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பிலாத்து என்ன செய்தான்? இத்தனை சீக்கிரம் மரித்தாரா என்று ஆச்சரியப்பட்டான், நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு விசாரித்தான், சரீரத்தைக் கொடுத்தான். வரி பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டதாக மாற்கு எழுதவில்லை. கை கழுவினவன் என்று வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று நாம் திட்டுகிற ஆள் அவன்.

கமிட்டி என்றால் என்ன என்பதும் வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். அன்றாட விசாரணையில் எங்கள் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்கர்கள் முறுமுறுத்தார்கள். முறுமுறுத்தவர்களை யாரும் சபை விரோதிகள் என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சபையின் முதல் கமிட்டி அதுதான். விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கப் போட்ட கமிட்டி. நம் திருநெல்வேலிச் சபையின் கதையும் ஒரு விதவையிடமிருந்துதானே தொடங்குகிறது? 1778-ல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்ற பிராமணக் கைம்பெண் குளோரிந்தாள். 1780-ஆம் வருஷச் சபைப் பதிவேட்டில் இருந்த 40 பேர் அவளைச் சுற்றிச் சேர்ந்தவர்கள். 1785-ல் பாளையங்கோட்டையில் எழும்பிய கோவிலை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறோம். ஒரு கைம்பெண் கட்டிய கோவிலின் வழி வந்தவர்கள் நாம். அந்த வரலாற்றை நூற்றாண்டு மலரில் வழவழப்புத் தாளில் அச்சடித்து ஆளுக்கு 300 ரூபாய் வாங்கியதும் நாம்தான்.

அடக்க ஆராதனையில் பேசியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் என் மகனைவிட இளையவர். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றீர்கள். வசனம் சரி. ஆனால் அதைச் சொன்னது யார்? பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. தன் இழப்பைப் பற்றித் தானே சொன்னான். பார்க்க வந்த சிநேகிதர்கள் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவர்கள் இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல், "அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள்" என்றிருக்கிறது. அந்த ஏழு நாளும் அவர்களைப் போல நல்ல சிநேகிதர்கள் உலகத்தில் கிடையாது. அதற்கப்புறம் வாயைத் திறந்தார்கள், கெட்டது. அந்த அம்மா என்றைக்காவது ஒரு நாள் அதே வசனத்தைத் தானாகச் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அன்று பிற்பகலே நாம் அவள் வாயில் அதைத் திணிக்க வேண்டியதில்லை. அதிலும் காலையில் நாம் எடுத்தது 8,350 ரூபாய் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும்போது, எடுத்தது யார் என்று குழப்பம் வந்துவிடும்.

லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். எழுப்பத் தெரியாத நமக்கு அழக்கூட நேரமில்லை, மூன்று மணிக்கு இன்னொரு கூட்டம் இருந்தது.

தாழ்மையைப் பற்றி நம் கோவிலில் பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை. போன பெரிய வியாழன் கால் கழுவும் ஆராதனைக்குத் தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கமிட்டிக்காரர்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கால்கள். கழுவின ஐயாவின் கை ஈரமானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவருடைய கடைசிப் பெரிய வியாழன் அது. கோபுரத்தின் அடியில் நன்கொடையாளர் கல் ஒன்று பதித்திருக்கிறோம். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு மாதம் சண்டை. இங்கிருந்து பஸ் ஏறினால் டோனாவூர். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-ல் இறக்கும் முன்பே, தன் குழியின் மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் குருவிகள் வந்து குளிக்க ஒரு தொட்டியை வைத்து, 'அம்மா' என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள். நாம் டூர் வேன் பிடித்துப் போய் அதன் முன்னால் போட்டோ எடுத்துவிட்டு வந்தோம், வந்த வாரமே பளிங்குக்கல்லுக்கு ஆர்டர் கொடுத்தோம்.

எங்கேயோ போய்விட்டேன். கோபுரம் உங்கள் விருப்பம், கல்லும் இருந்துவிட்டுப் போகட்டும். மன்னிக்கவும்.

அந்த அம்மா இப்போது கோவிலுக்கு வருவதில்லை. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறாள். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக் கொடுக்கிறேன். நறுக்குவது சரியில்லை என்று திட்டுகிறாள். ஒரு நாள் மட்டும், "பணம் போனாப் போகுது டீச்சர், காலையிலயே அடிச்சிருக்கலாம்லா" என்றாள்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற கமிட்டியில் அந்தப் பழைய தீர்மானத்தை ரத்துசெய்யுங்கள். மரணச் செய்தி வந்த உடனே மணி அடிக்கப்படும், அடக்கம் முடியும் வரை எந்தப் பாக்கியும் கேட்கப்படாது என்று புதிதாக ஒன்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கோவில் குட்டியார் யாரிடமும் கேட்காமல் கயிற்றைப் பிடிக்கலாம் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். பாவம், அன்றைக்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. பழைய தீர்மானத்துக்குக் கை தூக்கினவள் என்ற முறையில் நானும் வந்து கேட்கத் தயார். உள்ளே விடாவிட்டாலும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

கர்த்தருக்குள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, வடக்குத் தெரு

பி.கு.: என் சங்கம் மார்ச் வரை கட்டியாகிவிட்டது. இந்த மடலை வாசிப்பதற்கு முன் நோட்டைப் பார்க்க வேண்டியிருந்தால் உதவுமே என்று ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறேன்.