மச்சானுக்கு, லவால் பொடியனைப் பற்றி

மொன்றியல், 2025 ஜூலை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது சந்தோசம். ஆனால் கண் தெளிந்த கையோடு நீ பார்த்த முதல் வேலை எங்கள் மொன்றியல் ஐஸ் ஹொக்கி அணியிலும் அதன் பொடியன் ரைன்பாகரிலும் பிழை பிடித்ததுதான் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது. மே மாதம் சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில், புளோரிடாவிடம் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட கூட்டம் உங்கள் ரொறொன்ரோ, உங்கள் நட்சத்திரம் மார்னரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேகாஸ் அணிக்குப் போய்விட்டான், அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சரி, கப்புக்காக 1967இலிருந்து காத்திருக்கிறவனோடு என்ன சண்டை.

இங்கே எல்லாரும் சுகம். நான் மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டேன். இத்தனை வருசம் சீமெந்துத் தரையில் நின்ற முழங்கால், படியிறங்கினால் நறநறவென்கிறது. மகனின் மூத்தவனுக்கு ஏழு வயது. போன வருசம்வரை ஐஸில் பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளித் தள்ளிப் பழகியவன், இப்ப எனக்கே ஸ்கேற்றிங் சொல்லித்தர வருகிறான். அவனோடுதான் குளிர்காலம் முழுக்க லவாலுக்கு, எங்கள் அணிக்குக் கீழே இளையவர்கள் பழகுகிற அணியின் ஆட்டங்களுக்குப் போய்வந்தேன். மொன்மொறன்சி மெற்றோவில் இறங்கினால் எதிரே பிளாஸ் பெல், பெரிய அரங்கில் ஒருவர் போகிற காசுக்கு இங்கே இரண்டு பேர் போய் ஹொட்டோக்கும் சாப்பிட்டு வரலாம். அப்படிப் போனதால்தான் நீ கேட்ட கேள்விக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது.

நீ கேட்டது, ரைன்பாகர் உருப்படுவானா என்று. அதாவது கேட்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டாய். 2023 ட்ராஃப்றில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுப் பொடியன்களை எடுக்கிற நாளில், ஐந்தாவது இடத்தை ஒஸ்ரியாக்காரத் தடுப்பாட்டக்காரப் பொடியனுக்குக் கொடுத்து, மிச்கோவை ஏழாவது இடத்தில் பிலடெல்பியாவுக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள், அவன் முதல் வருசமே 26 கோல் அடித்துவிட்டான், உங்கள் ஆள் இன்னும் லவாலிலேயே நிற்கிறான் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரிதான். நானும் அன்றிரவு ரி.வி.யை நிறுத்திவிட்டுப் படுத்தவன்தான்.

ஆனால் மச்சான், இதை நீ கேட்கலாமா? பள்ளிக்கூட அணியில் நீயும் தடுக்கிறவன், புல்பாக். உன்னால் நாங்கள் தோற்காத ஆட்டங்கள் எத்தனை, அதுக்காக உன்னை யாராவது தோளில் தூக்கினார்களா? கோல் அடித்தவனைத்தான் தூக்கினோம். அவன் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, உன் பெயர் எனக்கு மட்டும்தான் ஞாபகம்.

மார்ச்சில் பார்த்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். முழங்காலில் ஒப்பரேசன் செய்து, நாலைந்து மாதம் கட்டிலும் ஜிம்முமாய்க் கிடந்து, பெப்ரவரியில்தான் ரைன்பாகர் திரும்பி வந்திருந்தான். நான் பக்கை, அந்த ரப்பர் வட்டை, விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் என் கையைச் சுரண்டி, "அப்பப்பா, அங்க பக் இல்லையே, என்னத்தப் பாக்கிறீங்க" என்கிறான். எதிரணி பக்கை எங்கள் மூலைக்கு எறிந்துவிட்டு ஒருவன் பாய்ந்து வருகிறான். ரைன்பாகர் பின்னால் திரும்பிப் போகும்போதே வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பக்கை எட்டுவதற்கு முன்னம் இடத்தோளுக்கு மேலால் இன்னொரு பார்வை, இடுப்பை வலது பக்கம் சாய்ப்பதுபோல் காட்டினான், துரத்தி வந்தவன் அந்தப் பக்கமே போய்க் கண்ணாடியில் முட்டினான், இவன் பக்கை ஒரே தொடுகையில் நடுவில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டான். மூன்று செக்கன் இருக்கும். யாரும் கைதட்டவில்லை, கைதட்ட என்ன இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பார்வையும் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் அடுத்த ஒரு நிமிசம் சொந்த வலைக்கு முன்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதே ஆட்டத்தில் இரண்டாவது பீரியட், ஒரு வேகக்காரன் அவனுக்கு வெளிப்பக்கத்தால் வந்தான். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பி ஓட வேண்டிய அந்த நேரத்தில் அரை அடி யோசித்தான். காலா, மனசா, தெரியாது. அந்த அரை அடியில் வந்தவன் போய்விட்டான். நறநறக்கிற முழங்காலோடு மேலே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தயக்கம் நன்றாக விளங்கியது. அவன் விசயத்தில் எனக்கிருக்கிற ஒரே பயமும் அதுதான்.

பொயின்ற்ஸை, அதாவது அடித்த கோலையும் கோலுக்குக் கொடுத்த அசிஸ்றையும் கூட்டி, நீ போடுகிற கணக்கு இன்னொரு இடத்திலும் பிழைக்கிறது. பஃபலோ அணியின் தடுப்பாட்டக்காரன் டாலினைப் பார். 2018இல் முதல் ஆளாக எடுத்தவன். 2020-21இல் அந்த அணி தொடர்ந்து 18 ஆட்டம் வெல்லாமல் கிடந்தது, அவனுடைய பிளஸ்-மைனஸ், அதாவது அவன் ஐஸில் நிற்கும்போது அணி அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு, மைனஸ் 36. அப்போது ரேடியோவுக்குப் போன் பண்ணின எல்லாரும் அவனைக் கரைத்துக் குடித்தவர்கள் மாதிரி, பொடியன் முடிந்தான் என்றார்கள். இரண்டு வருசம் கழித்து அவனே 73 பொயின்ற் எடுத்தான். எரிகிற வீட்டில் நிற்கிறவனின் சட்டை கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து அவன் குளிக்காதவன் என்று சொல்லலாமா? அணியைக் கலைத்துத் திருப்பிக் கட்டுகிற இடங்களில் இருபது வயதுப் பொடியனுக்கு நேரம் அள்ளிக் கொடுப்பார்கள், ஆனால் பக்கத்தில் நின்று பிழையைத் திருத்த மூத்தவன் ஒருவன் இருக்கமாட்டான். இந்த 2025 வரைக்கும் பஃபலோ கட்டி முடிக்கவில்லை, சீசன் முடிவில் கப்புக்கு ஆடுகிற பிளேஓஃப் வாசலையே 14 வருசமாகக் காணவில்லை.

நாங்கள் கட்டத் தொடங்கியது 2022இல். அதுக்கு முந்தின வருசம் பைனலில் தம்பாவிடம் தோற்றவர்கள், அந்த வருசம் 32 அணியில் 32ஆவது. ஹியூஸ் மனேஜராக வந்தார், சென் லூயி பயிற்சியாளராக வந்தார், அந்த வருசமே ட்ராஃப்றில் 62ஆவது ஆளாக ஹட்சனை எடுத்தார்கள். உயரம் காணாது என்று மற்ற அணிகள் எல்லாம் தாண்டிப்போன பொடியன். உயரம் காணாது என்று தன்னையே யாரும் ட்ராஃப்ற் பண்ணாத சென் லூயியிடம் போய்ச் சேர்ந்தது அவன் அதிர்ஷ்டம். போன சீசன் 60 அசிஸ்ற், புதுமுகத் தடுப்பாட்டக்காரரில் லாரி மர்பி 1980-81இல் வைத்த கணக்கைத் தொட்டுவிட்டான், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதையும் வாங்கினான். இதையெல்லாம் நீ வேண்டுமென்றே எழுதவில்லை என்று தெரியும்.

ஹட்சன் மாதிரி ஒருவன் இருக்கிற அணியில்தான் ரைன்பாகரின் விலை கூடுகிறது என்பது என் கணக்கு. ஹட்சன் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி, புளூ லைனில் தொடங்கி எதிராளியின் வலைக்குப் பின்னால் போய் நிற்பான். அவனோடு சோடி சேருகிறவன் வீட்டைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதோடு ரைன்பாகர் வலக்கை ஆட்டக்காரன், ஆறடி இரண்டு அங்குலம். வலப்பக்கச் சுவரோரம் உருண்டு வருகிற பக்கை வலக்கைக்காரன் முன்பக்கத்தாலேயே வாங்கி அப்படியே கொடுப்பான், இடக்கைக்காரன் பின்பக்கத்தால் வாங்கித் திருப்ப ஒரு செக்கன் போகும், அதுக்குள் முதுகில் ஒருவன் ஏறிவிடுவான். இப்படிப்பட்டவர்கள் எல்லா அணியிலும் குறைவு. சும்மா ஐந்தாவதாக எடுக்கவில்லை. பதினெட்டு வயதில் சுவிஸில் குளோட்டன் அணிக்காக, தாடி வளர்ந்த ஆம்பிளைகளோடு 46 ஆட்டம் விளையாடி 22 பொயின்ற் எடுத்தவன்.

இன்னொன்று. ஒரு பொடியனைப் பற்றி நிர்வாகம் என்ன நினைக்கிறதென்று பேட்டியில் தேடாதே, யாரை விற்றார்கள் என்று பார். சவார்ட் ஓய்வு எடுத்துவிட்டார், வலக்கைக்காரர். இந்த மாதம் முதலாம் திகதி மையூவை சென் லூயிஸ் நகர அணிக்குக் கொடுத்துவிட்டு போல்டுக்கை வாங்கினார்கள், மையூவும் வலக்கைக்காரன், ரைன்பாகரின் இடத்துக்கே போட்டியாளன். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதுக்கு முன்னம், ஜூனில், 16ஆவது 17ஆவது ட்ராஃப்ற் இடங்களையும் ஹைனமனையும் கொடுத்து டொப்சனைக் கொண்டுவந்தார்கள், அவனும் வலக்கைக்காரன், எட்டு வருச ஒப்பந்தம். இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. ரைன்பாகர் அணியின் முதல் தடுப்புச் சோடிக்கு வருவான் என்று முழுசாக நம்பியிருந்தால் அவ்வளவு கொட்டியிருப்பார்களா? முதல் சோடிக் கனவை அவர்களே விட்டுவிட்டார்கள் போலத்தான் தெரிகிறது.

அதனால் கேட்டுக்கொள், நான் சொல்வது இவ்வளவுதான். அவன் நட்சத்திரம் ஆகமாட்டான். மிச்கோவைவிட நல்ல ஆள் என்று நான் சத்தியம் பண்ணவும் வரமாட்டேன். முழங்கால் நின்றுபிடித்தால், இருபத்துநாலு வயதில், ஆட்டத்துக்கு இருபது நிமிசம் நிற்கிற, கடைசி இரண்டு நிமிசத்தில் ஒரு கோல் முன்னிலையைக் காக்க இறக்குகிற ஆளாக வருவான். ஐந்தாவது இடத்துக்கு அது காணுமா என்று கேட்டால், காணாது என்று நீ சொல்வாய், நான் காணும் என்பேன். டொப்சன் மேலே நிற்பதால் இவனை அவசரப்படுத்தி இறக்க வேண்டிய தேவையும் இல்லை, லவால் போன சீசன் லீக்கிலேயே முதலாவதாக வந்த அணி, அங்கே வென்று பழகட்டும்.

1993இல் மொன்றியல் கப் வென்ற இரவு ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டுப் பார்க் எக்ஸ்டென்ஷன் அறைக்கு நடந்து வந்தோம், டவுன்ரவுனில் கடைக் கண்ணாடி எல்லாம் உடைகிறது, "வென்றதுக்கு ஏன்டா கடையை உடைக்கிறாங்கள்" என்று நீ கேட்டாய். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

செப்ரெம்பரில் வா, பிரீசீசன் ஆட்டம் ஒன்றுக்குப் போவோம். உன் புதுக் கண்ணால் அவனைப் பார், குறிப்பாக வெளிப்பக்கத்தால் ஆள் வரும்போது அந்தக் காலைப் பார். பந்தயம் ஒரு சட்டி கூழ். ஒடியல் மா இங்கே நல்லதாய்க் கிடைக்கவில்லை, யார் வென்றாலும் நீதான் கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்