எட்டுப் பெட்டிகளையும் எடைக்குப் போடும் முன்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அக்காவுக்கும், தலைமையாசிரியர் அம்மாவுக்கும், குழுவில் இருக்கிற பெற்றோர் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆறாவது படிக்கிற பிள்ளையின் அப்பன். பல்லடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். திறந்த மடலாக எழுதக் காரணம், நம் பள்ளியில் நடந்தது திருப்பூர், ஈரோடு, கோவை என்று எங்கே போனாலும் வாரம் ஒருமுறை நான் பார்க்கிற கதை.

பனியன் கம்பெனி கொடுத்த 11 கம்ப்யூட்டரில் மூன்றுதான் ஓடுகின்றன, மீதி எட்டில் ஓஎஸ் (கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்) ஏறவே இல்லை, ஆகவே பழைய இரும்புக்காரரை வரச்சொல்லி எடைக்குப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் எழுதினீர்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கூட்டம் முடிந்ததும் சாவி வாங்கிக்கொண்டு லேப் அறைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சாக்பீஸ் எழுத்து. ஓஎஸ் ஏற்ற வந்த தம்பி ஒவ்வொரு கேபினெட் மேலும் எழுதி வைத்திருந்தார். ஐந்து பெட்டிகளில் ‘நின்னுருச்சு’, பக்கத்தில் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று 67, 67, 68, 67, 67. இரண்டில் ‘ஆஃப் ஆயிருச்சு’. ஒன்றில் ‘4 மணி நேரம், முடியல’. சம்பளம் வாங்காமல் வந்து செய்து கொடுத்த பையன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சாக்பீஸ் குறிப்பு மட்டும் இல்லாவிட்டால் எனக்கு இரண்டு நாள் வேலை. எட்டையும் ‘கெட்டுப்போச்சு’ என்ற ஒரே சொல்லில் நாம்தான் கட்டிப்போட்டோம். அவர் மூன்று விதமாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஐந்து பெட்டிகள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. வெவ்வேறு ஹார்டு டிஸ்க், வெவ்வேறு ராம், வெவ்வேறு வயசு. அவை அத்தனையும் சொல்லி வைத்தாற்போல 67-இல் கெடுமா? ஐந்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, பின்பக்கம் செருகியபடியே இருந்த அந்தப் பென் டிரைவ். முன்னால் ஓடுகிற மூன்றுக்கும் கம்பெனி ஆள் தன்னுடைய பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார் என்று டீச்சர் சொன்னார்.

அதை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். லினக்ஸ் மின்ட், உபுண்டு மாதிரியான இலவச லினக்ஸ் ஓஎஸ்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண் எழுதின பட்டியல் பென் டிரைவிலேயே இருக்கும். ஒத்துப் பார்க்கச் சில நிமிஷம் போதும். சின்னக் கோப்புகள் எல்லாம் சரி. 2 ஜிபிக்கு மேல் இருக்கிற பெரிய கோப்பு ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. முழு ஓஎஸ்ஸையும் அதற்குள்தான் சுருட்டி வைத்திருப்பார்கள். இன்ஸ்டால் என்பது பெரும்பாலும் அந்தச் சுருட்டலைப் பிரித்து டிஸ்க்கில் அடுக்குகிற வேலைதான். நடுவில் ஒரு இடம் கெட்டிருந்தால் எந்தப் பெட்டியில் போட்டாலும் அந்த இடம் வந்ததும் நிற்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது அறுந்து அறுந்து வந்திருக்கலாம், அல்லது பென் டிரைவே கெட்டிருக்கலாம். மேலே 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து விற்கிற போலிகளையும் என் கடையில் பார்த்திருக்கிறேன்.

என் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு பென் டிரைவ் தொங்கும். ஐந்தில் முதல் பெட்டியில் அதைப் போட்டு ஏற்றினேன். நெட்டில் இருந்து அப்டேட்டும் சேர்த்து இறக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிட்டேன். பள்ளியில் வருகிற சிக்னலுக்கு அதை விட்டுவைத்தால் இரவு வரை உட்கார வேண்டும், பார்க்கிறவர்களுக்கு மெஷின் தொங்கிவிட்ட மாதிரியே தெரியும். 25 நிமிஷத்தில் முடிந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள், டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ‘ஆஃப் ஆயிருச்சு’ என்ற இரண்டு. ஒன்றின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உள்ளே பஞ்சு. பிராசசர் மேலே இருக்கிற ஃபேனைத் தூக்கினால், அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளே தெரியவில்லை, சின்ன மெத்தை மாதிரி ஒரு அடை. நகத்தால் நெம்பி எடுத்தேன், சதுரமாக அப்படியே வந்தது. அடியில் வெள்ளை, நடுவில் கருநீலம், மேலே சிவப்பு. அந்தக் கம்பெனியில் எந்த ஆர்டர் முன்னால் ஓடியது, எது பின்னால் ஓடியது என்று சொல்லிவிடலாம். கட்டிங் டேபிள் பக்கத்தில் வருஷக் கணக்காக ஓடிய பெட்டியாக இருக்கும்.

காற்றுப் போக வழியில்லாவிட்டால் பிராசசர் சூடேறும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த இன்டெல் சிப்புகளில் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது நடக்கும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினே அணைந்துவிடும். சும்மா டைப் அடிக்கும்போது இது வெளியே தெரியாது. இன்ஸ்டால் செய்யும்போது பிராசசர் சுருட்டலைப் பிரிக்கிறது, டிஸ்க் நிற்காமல் எழுதுகிறது, ராம் நிரம்பி நிரம்பி வழிகிறது. ஒளித்து வைத்திருந்த நோய் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் வெளியே வரும். ப்ளோவர் அடித்து, பிராசசர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு வைத்தால் இந்த இரண்டும் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன். கையோடு ராமைக் கழற்றி அதன் பொன்னிறக் காலை அழிரப்பரால் துடைத்துப் போட வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள், சர்வீஸ் கடையில் பாதி நாள் சோறு போடுவது அந்த ரப்பர்தான். அதற்கும் கேட்காவிட்டால் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும்.

இனி எட்டாவது. ‘4 மணி நேரம், முடியல.’ இதுதான் உண்மையான நோயாளி. ஆன் செய்து காதை வைத்தால் டிக், டிக் என்று சத்தம். ஹார்டு டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே ஒரு பட்டியலாகக் குறித்து வைத்திருக்கும், ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5, 197 என்ற இரண்டு வரிகளைப் பார்த்தாலே எனக்குப் பெரும்பாலும் போதும். 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் இழுபறியில் இருப்பவை. இந்த டிஸ்க்கில் இரண்டுமே நூற்றுக்கணக்கில். ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிரிக்காது, திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் பல நொடி போகும். அந்த நேரம் முழுக்க இன்ஸ்டாலர் காத்திருக்கும். நமக்கு அது ‘ஸ்லோ’. நான்கு மணி நேரம் என்ன, நான்கு நாள் விட்டாலும் இப்படித்தான். திரும்பத் திரும்ப ஃபார்மேட் போட்டால் தீரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. சாகிற டிஸ்க்குக்கு ஃபார்மேட் மருந்தில்லை. அதே பட்டியலில் 199-ஆவது வரி மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைவிட அதற்குப் போகிற கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இங்கே அது பூஜ்யம். டிஸ்க் போனது போனதுதான், ஆனால் பெட்டி நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் மீதி பத்தைவிட அதுதான் வேகமாக ஓடும்.

நான்கு பெட்டிகளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்கே போய்விடுகிறது. மதர்போர்டில் இருக்கிற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் இணையத்தில் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று அப்டேட் மறுக்கும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார், விண்டோஸ் 11 போட்டால் என்ன, லினக்ஸ் எதற்கு என்று. நியாயமான கேள்வி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். நம்மிடம் இருப்பவை ஆறாம் தலைமுறை. கம்பெனி இவற்றைக் கொடுத்ததே அதனால்தான். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றியும் கொடுத்திருக்கிறேன், ஆனால் அப்டேட் நிச்சயமில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழக்கமில்லையே என்றும் கவலை வேண்டாம். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த லேப்டாப்பிலேயே பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இருந்தது. நாம்தான் அதைத் திறந்து பார்க்காமல் கடைக்கு எடுத்துப்போய் அழித்தோம். அழித்துக் கொடுத்த கடைகளில் என்னுடையதும் ஒன்று.

சரி, நான் கேட்பது இதுதான். தீர்மானத்தை இரண்டு சனிக்கிழமை தள்ளி வையுங்கள். முதல் சனி துடைப்பதும் சோதிப்பதும், அடுத்த சனி ஏற்றுவது. கூலி வேண்டாம், பேஸ்ட்டும் பேட்டரியும் என் செலவு. எஸ்எஸ்டி ஒன்றுக்கு மட்டும் குழு பணம் கொடுக்க வேண்டும். சாக்பீஸால் எழுதிய அந்தத் தம்பியும் கூட வந்தால் நல்லது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளாக அது இருக்கக் கூடாது. லேப் யூபிஎஸ்ஸைச் சோதித்தேன், மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பாதி இன்ஸ்டாலில் கரண்ட் போனால் மறுபடி முதலில் இருந்துதான்.

அதுவரை இரும்புக்காரர் வந்தால் தயவுசெய்து எட்டாவது பெட்டியை மட்டுமாவது வெளியே விடாதீர்கள். டிக் டிக் என்று அடித்தாலும் அந்த டிஸ்க்கில் படிக்க முடிகிற பகுதி இன்னும் நிறைய இருக்கிறது. இன்ஸ்டால் பாதியில் நின்றதால் பழைய கோப்புகள் பல அப்படியே கிடக்கின்றன. பட்டியலை ஒரு பார்வை பார்த்ததிலேயே, கம்பெனியில் வேலை செய்தவர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், வாரச் சம்பளச் சீட்டு என்று வரிசையாக வந்தது. அதில் நம் ஊர்ப் பெண்களின் பெயர் சிலவும் இருந்தன. உடனே மூடிவிட்டேன். அந்த டிஸ்க்கை நானே கழற்றி, உங்கள் முன்னால் ட்ரில்லால் ஓட்டை போட்டுக் கொடுக்கிறேன். அதை வேண்டுமானால் எடைக்குப் போடுங்கள்.

சனிக்கிழமை காலை லேப் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பெற்றோர் ஒருவர்,
பல்லடம் பக்கம்